நீளம் எதைத் திருத்தும்?

தியேட்டரில் திட்டு வாங்கிய ஒரு சூப்பர் ஹீரோ படம் சில மாதங்கள் கழித்து அரை மணி நேரம் கூடுதலாக டிஸ்க்கில் வரும். உடனே ரசிகர்கள், ‘இதுதான் அசல் படம், இதை அன்றே காட்டியிருந்தால் விமர்சனமே வேறு மாதிரி வந்திருக்கும்’ என்பார்கள். ஹாலிவுட்டில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. படத்தின் குறை எந்த மேசையில் பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். எடிட்டிங் மேசையில் வெட்டியதால் வந்த குறை என்றால், வெட்டியதைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடும். திரைக்கதை எழுதிய மேசையிலேயே பிறந்த குறை என்றால், படம் நீள நீள அது இன்னும் பளிச்சென்று தெரியும். இந்த வழக்கம் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் வரலாறு திரும்பத் திரும்ப இதைத்தான் காட்டுகிறது.

தொடக்கத்தில் கலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ 1978-இல் வந்தபோது அதன் நீளம் 143 நிமிடம். 1982-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி அதை இரண்டு இரவுகளாகப் பிரித்து ஒளிபரப்பியபோது படம் சுமார் 3 மணி நேரமாக வளர்ந்திருந்தது. காரணம் எளிது. தயாரிப்பாளர்களான சால்கைண்ட் குடும்பத்தினர் ஒளிபரப்பு உரிமையை நிமிடக் கணக்கில் விற்றார்கள். நிமிடம் கூடினால் பணம் கூடும் என்பதால், இயக்குநர் ஒதுக்கிவைத்திருந்த காட்சிகளையெல்லாம் தேடி எடுத்து ஒட்டினார்கள். பின்னாளில் டானரே அந்தப் படத்தைத் திரும்பத் தொட்டபோது என்ன செய்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை நிமிடங்கள் இருந்தும் அவர் சேர்த்துக்கொண்டது ஏறக்குறைய 8 நிமிடங்கள்தான். வில்லன் லெக்ஸ் லூதரின் பாதாள மறைவிடத்துக்குப் போகும் வழியில் சூப்பர்மேன் குண்டுமழையையும் தீயையும் பனியையும் கடந்து நடக்கும் காட்சி அதில் முக்கியமானது. மிச்சத்தை அவர் விட்டுவிட்டார். வெட்டியதெல்லாம் பொக்கிஷம் இல்லை என்பதற்கு அதை வெட்டிய மனிதரே தரும் சாட்சி இது.

அதே டானரின் அடுத்த வழக்கு இன்னும் பாடமானது. ‘சூப்பர்மேன் 2’ படத்தின் பெரும்பகுதியை அவர் முதல் படத்தோடு சேர்த்தே எடுத்துவிட்டார். பிறகு தயாரிப்பாளர்களோடு மனக்கசப்பு வந்து அவரை விலக்கினார்கள். ரிச்சர்ட் லெஸ்டர் வந்து பல காட்சிகளைப் புதிதாக எடுத்தார். நாயகனின் தந்தையாக நடித்த மார்லன் பிராண்டோவின் காட்சிகள் பணத் தகராறால் நீக்கப்பட்டன. அதனால் கதையின் ஒரு முக்கியமான மூட்டு கழன்றுபோனது. காதலுக்காகத் தன் சக்தியைத் துறந்த நாயகன் அதை எப்படித் திரும்பப் பெற்றான்? தியேட்டரில் ஓடிய படத்தில் அவன் ஒரு பச்சைப் படிகத்தைக் கண்டெடுக்கிறான், அடுத்து வரும்போது சக்தியோடு வருகிறான், அவ்வளவுதான். 2006-இல் வெளியான டானர் பதிப்பில், இறந்துபோன தந்தை தன்னிடம் மிஞ்சியிருக்கும் ஆற்றலையெல்லாம் மகனுக்குக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக மறைகிறார். தகப்பனின் கை மகனைத் தொடுகிற அந்தக் கணத்தில் இரண்டு படங்களின் கதையும் ஒன்றாகச் சேர்கிறது. இந்தப் பதிப்பின் நீளம் 116 நிமிடம். தியேட்டரில் ஓடியது 127. சீரான பதிப்பு பழையதைவிடக் குட்டையானது! ஆனால் டானர் எடுக்காமல் போன காட்சிகளை எந்த மேசையாலும் உண்டாக்க முடியவில்லை. நாயகி லோயிஸ் துப்பாக்கியால் சுட்டு, கிளார்க்காக வாழும் சூப்பர்மேனின் குட்டை உடைக்கும் காட்சிக்கு, நடிகர் தேர்வுக்காக எடுத்துவைத்திருந்த சோதனைப் படச்சுருளைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே காட்சிக்குள் நாயகனின் உடல்வாகும் முடியும் மாறுவதைப் பார்க்கிற எவரும் கவனிக்கலாம்.

டிவிடி வந்த பிறகு இந்த வழக்கம் பெரும் வியாபாரமானது. ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி வாங்க வைக்க அட்டையில் ‘இதுவரை காணாத காட்சிகள்’ என்று போட வேண்டியிருந்தது. அதற்காக ஒட்டப்பட்ட நிமிடங்களில் பெரும்பாலானவை பேசத் தகுதியற்றவை. ஆனால் 2004-இல் வந்த ‘டேர்டெவில்’ இயக்குநர் பதிப்பு அப்படியில்லை. 2003-இல் தியேட்டரில் ஓடியபோது 103 நிமிடம், இதில் 133. மார்க் ஸ்டீவன் ஜான்சன் எழுதி எடுத்த ஒரு கிளைக்கதை முழுதாகத் திரும்பி வந்தது. கூலியோ நடித்த டான்டே ஜாக்சன் என்பவன் மீது கொலைப்பழி விழுகிறது. பார்வையற்ற வழக்கறிஞரான நாயகன் மேட் மர்டாக்கும் அவர் கூட்டாளி ஃபாகியும் அவனுக்காக வாதாடுகிறார்கள். அந்த வழக்கின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது வில்லன் கிங்பின்னிடம் போய் முடிகிறது. தியேட்டர் பதிப்பில் மேட் பகலில் வழக்கறிஞர் என்பது பெயருக்குத்தான் இருந்தது, கிங்பின் சிக்குவதும் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. நீண்ட பதிப்பில் அந்த மனிதருக்கு ஒரு தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலால் ஒரு விளைவும் இருக்கிறது. இன்னொரு மாற்றம் சிறியது, ஆனால் குணத்தையே மாற்றுவது. மழையில் காதலி எலெக்ட்ரா இருக்கச் சொல்லியும், உதவி கேட்கும் குரலைக் கேட்டு மேட் கிளம்பிவிடுகிறான். தியேட்டரில் அவன் அவளோடு தங்கிவிட்டான். இவ்வளவுக்குப் பிறகும் அது மகத்தான படமாகிவிடவில்லை. விளையாட்டுத் திடலில் மேட்டும் எலெக்ட்ராவும் போடும் சண்டை இரண்டிலும் ஒரே அளவுக்கு அசட்டுத்தனமானது. அது எழுதியபோதே அப்படி இருந்தது.

இந்த விவாதத்தின் நடுவில் வைக்க வேண்டிய படம் ஸாக் ஸ்னைடரின் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’. 2016 மார்ச்சில் 151 நிமிடமாக வந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் 182 நிமிடப் பதிப்பு வீட்டுத் திரைகளுக்கு வந்தது. தியேட்டர் பதிப்பின் முதல் முடிச்சே புரியாமல் நின்றது. ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்தில் கூலிப்படையினர் துப்பாக்கியால் ஆட்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். பிறகு செனட் விசாரணையில் சூப்பர்மேன் மீது பழி வருகிறது. கண்ணால் எரிக்கக்கூடியவன், கையால் மலையைத் தூக்கக்கூடியவன், எதற்குத் துப்பாக்கி எடுக்கப் போகிறான் என்று யாரும் கேட்பார்கள். நீண்ட பதிப்பில் கூலிப்படையினர் பிணங்களைத் தீயுமிழும் கருவியால் கொளுத்துகிறார்கள், அவன் கண்ணிலிருந்து வந்த நெருப்பு எரித்ததாகத் தோன்றவேண்டும் என்று. சாட்சி சொன்ன பெண், தான் சொன்னது சொல்லிக்கொடுக்கப்பட்ட பொய் என்று செனட்டரிடம் ஒப்புக்கொள்கிறாள், அதற்காகவே கொல்லப்படுகிறாள். லூதரின் சதி அப்போதுதான் சதியாகத் தெரிகிறது.

நாடாளுமன்றக் குண்டுவெடிப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. சுவருக்கு அப்பால் பார்க்கக்கூடியவன், எதிரே இருந்த சக்கர நாற்காலியில் வெடிகுண்டு இருந்ததை ஏன் பார்க்கவில்லை? தான் கவனிக்காமல் விட்டதால்தானோ என்று அவனே லோயிஸிடம் நொந்துகொள்வது தியேட்டர் பதிப்பில் இருக்கிறது. அதற்கு எந்த மறுப்பும் வராததால், பார்க்கிறவர்களுக்கும் அதுவே பதிலாகத் தங்கிவிட்டது. நீண்ட பதிப்பில் ஓர் ஆய்வாளர் லோயிஸிடம் விளக்குகிறார்: நாற்காலியில் ஈயம் பொதிந்திருந்தது, ஈயத்தை ஊடுருவி அவனால் பார்க்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கீஃப் அப்போதுதான் வீட்டுக்கு மளிகைச் சாமான் வாங்கி வைத்திருக்கிறான், ஆகவே தான் சாகப் போவது அவனுக்கே தெரியாது என்பதை லோயிஸ் அவன் வீட்டில் கண்டுபிடிக்கிறாள். வெடித்த பிறகு சூப்பர்மேன் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதும் இதில்தான் இருக்கிறது. அதை வெட்டியதால், தியேட்டரில் அவன் பிணங்களுக்கு நடுவில் நின்றுவிட்டுப் பறந்துபோன ஆளாகத் தெரிந்தான். சிறிய காட்சிதான். ஆனால் ஒரு நாயகனின் மனசாட்சியே அதில் இருந்தது. அதை வெட்டியது மன்னிக்க முடியாத தவறு என்பேன்.

ஆனால் அதே 182 நிமிடத்துக்குள், இருவருடைய அம்மாவுக்கும் மார்த்தா என்று பெயர் இருப்பதால் கொலைவெறியில் இருந்த பேட்மேன் ஈட்டியைக் கீழே போடுவதும் அப்படியே இருக்கிறது. சண்டை தொடங்கப்போகிற நேரத்தில் கதையை நிறுத்திவிட்டு, வரப்போகிற படங்களின் நாயகர்களைக் கணினியில் ஒவ்வொருவராகக் காட்டுவதும் இருக்கிறது. இவை எடிட்டர் செய்த பிழைகள் இல்லை. ஆகவே எந்த நிமிடத்தாலும் இவற்றைத் திருத்த முடியவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நீண்ட பதிப்பைத் தேடிப் பார்ப்பவர் அநேகமாக முதல் பதிப்பைப் பார்த்தவர். இரண்டாம் முறை எந்தப் படமும் தெளிவாகத்தான் புரியும். அந்தத் தெளிவைக் கூடுதல் காட்சிகளின் கணக்கில் எழுதிவிடுகிறோமா? பெரும்பாலான பாராட்டுகளில் இந்த மயக்கம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிடிக்காதவர்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதைச் சோதிக்க வழி உண்டு. புதிதாகப் புரிந்த விஷயம் பழைய பதிப்பில் எங்காவது இருந்ததா என்று தேடிப் பார்க்கலாம். ஈயம் பொதிந்த நாற்காலி தியேட்டர் பதிப்பில் இல்லை. பத்து முறை பார்த்தாலும் கிடைக்காது. ‘எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ படத்துக்கு 2015-இல் ரோக் பாத்திரத்தைத் திரும்பச் சேர்த்த பதிப்பு வந்தது. அது இந்தச் சோதனையில் தேறாது, ஏனென்றால் 17 நிமிடம் கூடியும் கதை போய்ச் சேரும் இடம் மாறவில்லை. 2016-இன் ‘சூயிசைட் ஸ்குவாட்’ நீட்டித்த பதிப்பும் அப்படித்தான். பதினோரு நிமிடமோ என்னவோ சேர்த்தார்கள், படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

‘ஜஸ்டிஸ் லீக்’ இந்த வாதத்தை முறியடிக்கிறது என்று சிலர் சொல்லலாம். 2017-இல் குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரத்தால் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வேடன் பல காட்சிகளை மறுபடி எடுத்து 2 மணி நேரத்தில் முடித்தார். ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2021 மார்ச்சில் ஸ்னைடரின் 242 நிமிடப் படம் எச்பிஓ மேக்ஸில் வந்தது. அது முந்தையதைவிடப் பல மடங்கு நல்ல படம், இதில் எனக்குத் தயக்கமில்லை. நாயகர்களில் ஒருவனான சைபோர்க் ஓர் ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் யாருக்கும் தெரியாமல் பணம் போடுவதும், அவன் தந்தை மகன் கண்ணெதிரில் தன்னை அழித்துக்கொள்வதும் அதன் உயிர்நாடிகள். தியேட்டர் பதிப்பில் அந்தத் தந்தை சாகவே இல்லை. ஆனால் இதை நீட்டித்த பதிப்பு என்று சொல்வது பொருந்தாது. வேறொருவர் எடுத்ததை அகற்றிவிட்டு, இசையையும் வரைகலையையும் புதிதாகச் செய்து, பல கோடி டாலர் செலவில் முடிக்கப்பட்ட தனிப்படம் அது. அதிலும் 2020-இல் புதிதாக எடுத்துச் சேர்த்த, ஜோக்கர் வரும் முடிவுக் காட்சிதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. கதை முடிந்த பிறகும் படம் போய்க்கொண்டே இருக்கிறது.

தியேட்டருக்கு நீளம் ஒத்துவராது, ஒரு நாளைக்கு இத்தனை காட்சி ஓட்டியாக வேண்டும் என்பது ஸ்டுடியோக்களின் பழைய பதில். வணிகத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ 181 நிமிடம் ஓடி, அதுவரை உலகிலேயே அதிகம் வசூலித்த படமானது. மூன்று மணி நேரத்துக்குப் பார்வையாளர் பயந்ததில்லை. ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ நீண்ட பதிப்பு அதைவிட ஒரே ஒரு நிமிடம்தான் நீளம். இன்றுவரை அதைப் பார்க்காதவர்கள் 151 நிமிடப் பதிப்பைத் தொடவே வேண்டாம், நேராக 182 நிமிடப் பதிப்பைப் பாருங்கள். குறையுள்ள படம்தான், ஆனால் அதில் கதை முழுதாக இருக்கிறது.