இருபது நாள் காளையா?

குஜிலியம்பாறைப் பக்கத்தில், தை மாதத்து ஜல்லிக்கட்டுக்காக இளங்காளைகளைப் பழக்குவதைப் பார்த்திருக்கிறேன். காலையில் நடை, பிறகு கிணற்றில் நீச்சல், மாலையில் ஈரமண் மேட்டைக் கொம்பால் குத்தும் பயிற்சி, தீனிக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும். மாதக்கணக்கில் நடக்கிற தவம் அது.

2014 மே 7-ந் தேதி உச்ச நீதிமன்றம், மாட்டுக்கு இது வதை என்று கூறி ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மெரினாவில் இளைஞர் கூட்டம் அலைமோதியபின், 2017 ஜனவரி 21-ந் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. பிப்ரவரி 10-ந் தேதி, மதுரையை அடுத்த அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் பாய்ந்தன.

நடுவே இருபதே நாள்! அதற்குள் ஒரு காளை உருவாகுமா? களம் உண்டோ இல்லையோ என்று தெரியாமலே கன்றுகளுக்குத் தீனி போட்டுப் பழக்கிய குடியானவர்கள் இருந்தார்கள். சட்டம் வாசலைத்தான் திறந்தது. காளையைக் கொடுத்தவர்கள் அவர்களே.