கைநாட்டு வைத்தவர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டிய பாடம்

மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளின் சட்டமும் நெறிமுறையும் இன்று ஒரு முதுகலைப் படிப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இதை இணையவழியில் நடத்துகின்றன. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சுகாதார ஆய்வின் அடிப்படைகளை என்பிடெல் தளம் வழியே கற்பிக்கிறது. ‘இது டாக்டர்களின் சமாச்சாரம்’ என்று நாம் ஒதுங்கிப் போகிறோம். ஆனால், இந்தப் பாடத்திட்டத்தில் வரும் ஒவ்வோர் ஆண்டுக்குப் பின்னாலும் யாரோ சில எளிய மனிதர்களின் உடல் கிடக்கிறது.

முதலில் வருவது 1947. நாஜி வதைமுகாம்களில் கைதிகள்மீது சோதனை நடத்திய மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம், நூரம்பர்க் நெறிகள் பத்தை வகுத்தது. சோதனைக்கு உட்படுபவரின் சுயவிருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்பதே முதல் நெறி.

நாஜிகளைத் தண்டித்த அமெரிக்கா தன் வீட்டில் என்ன செய்தது? அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932 முதல் ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை அரசின் பொதுச் சுகாதாரத் துறை கண்காணித்து வந்தது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது. சாப்பாடும் சவ அடக்கச் செலவும் தருவதாக வாக்களித்தார்கள். 1947 வாக்கில் பென்சிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நோய் எப்படிக் கொல்கிறது என்று பார்ப்பதற்காக அது அவர்களுக்குத் தரப்படவில்லை. நூரம்பர்க் நெறிகளுக்குப் பிறகும் 25 ஆண்டுகள் இது நடந்தது.

நிறுத்தியவர் யார்? அதே துறையில் பாலியல் நோயாளிகளிடம் விவரம் சேகரிக்கும் வேலையில் இருந்த பீட்டர் பக்ஸ்டன். அவர் மருத்துவர் இல்லை. 1966-லிருந்து துறைக்குள் எழுத்துமூலம் எதிர்த்தார், எடுபடவில்லை. 1972-ல் பத்திரிகையாளரிடம் ஆவணங்களைக் கொடுத்தார். செய்தி வெளிவந்த அந்த ஆண்டே ஆய்வு முடிவுக்கு வந்தது. 1974-ல் சட்டம் வந்தது. 1979-ல் பெல்மாண்ட் அறிக்கை மூன்று அறங்களைச் சொன்னது: மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி. ஆய்வின் சுமையை யார் சுமக்கிறார், பலனை யார் அனுபவிக்கிறார் என்று கேட்பது மூன்றாவது அறம். சேரியில் பிறந்தவருக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

இணையவழி நெறிமுறைக் கல்வி தொடங்கிய காலமும் கவனிக்க வேண்டியது. 1999-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் இறந்தார். அடுத்த ஆண்டே, அரசு நிதி பெறும் ஆய்வாளர்கள் நெறிமுறைப் பயிற்சி பெறுவது கட்டாயமானது. ‘சிட்டி’ எனும் இணையப் பாடத்திட்டம் உருவானதும் அதே 2000-ல்தான்.

இனி நம் நாடு. 2009-ல் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றை ‘பாத்’ என்ற அமெரிக்க அமைப்பு, ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் நடத்தியது. கம்மத்தில் ஊசி போடப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். பழங்குடி விடுதி மாணவிகள் பலர். இரு மாநிலங்களிலும் 7 சிறுமிகள் இறந்தனர். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றது அரசு விசாரணைக் குழு. தடுப்பூசியோடு நமக்குச் சண்டையும் இல்லை. ஆனால், ஒப்புதல்? ஆந்திராவின் 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948-ல் இருந்தது வெறும் கைநாட்டு. இதை 2013-ல் பதிவு செய்தது நாடாளுமன்றக் குழு. இங்கேயும் முதலில் ஊருக்குப் போய் விசாரித்தவர்கள் பெண்ணுரிமை அமைப்பினர். அதன் பிறகே, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

2019-ன் புதிய மருந்துகள், மருந்துச் சோதனை விதிகள் இந்த வரலாற்றின் பலன். ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் குறைந்தது 7 பேர் வேண்டும். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். துறைசாராத குடிமகன் ஒருவர், பெண் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம். சமூகவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி போன்றோருக்கும் ஓர் இடம் உண்டு.

சமூகவியலும் சமூகப்பணியும் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த நாற்காலி அவர்களுக்கும் உரியது. ஆனால், சும்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் நாமும் விடுதி வார்டன்தான். ஒப்புதல் படிவத்தைக் கிழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இழப்பீடு யார் தருவார், எந்த ஊரிலிருந்து ஆள் எடுக்கிறார்கள், ஏன் அந்த ஊர் என்று கேட்கத் தெரிய வேண்டும். வேலையை விடாமல், ஊரை விடாமல் படிக்க இணையவழிக் கல்வி வழி திறந்திருக்கிறது. முதுகலைக்குக் கட்டணம் அதிகம், பாடமும் ஆங்கிலத்தில். எனவே சிறு பாடத்திலிருந்து தொடங்குவோம். நாலு பேர் சேர்ந்து படிப்போம்; படித்ததைத் தமிழில் எழுதி வைப்போம். அண்ணல் வகுத்த வரிசையில் கல்வி முதலில் நிற்பது காரணமில்லாமல் இல்லை.

நம் உடலைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் மேசையில் நாம் இல்லாவிட்டால், படிவத்தில் நம் கட்டைவிரல் மட்டும்தான் இருக்கும்.