கரண்ட் பிறந்த ஊரில் பெட்டரி ரேடியோ

"வீட்டு ஸ்டீரியோ செட்டுக்குக் குறைஞ்ச விலையில ஒரு எஃப்.எம். ட்யூனர் வேணும், எது நல்லது?" கொழும்பில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் விலையைச் சொல்வார். நோட்டன் பிரிட்ஜில் கேட்டால், "வீடு மலைக்கு எந்தப் பக்கம்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். காரணம் தெரிய, கொஞ்சம் பின்னால் போகணும்.

நம்ம ஊர் ஓயாவில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918லேயே கட்டுரை எழுதி வாதாடினார். 1950இல் நோட்டன் அணைக்கட்டுத் தண்ணீரில் பழைய லக்சபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1965இல் காசல்ரீ தண்ணீரில் ஓடும் 50 மெகாவாட் நிலையம் நோட்டனிலேயே வந்தது; அதற்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்தார்கள். இதற்கிடையில் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. கரண்ட் கம்பி தேயிலை மலைக்கு மேலால் கொழும்புக்குப் போனது. கீழே லயக் காம்பராக்களில் நெடுங்காலம் குப்பி விளக்குதான்.

அப்போ ரேடியோ எப்படிப் பாடியது? கொழும்பில் வானொலி 1925லேயே தொடங்கிவிட்டது. ஆனால் வால்வு ரேடியோவுக்குக் கரண்ட் வேணும், இல்லையென்றால் பெரிய பெட்டரி வேணும். அது பங்களாவுக்குத்தான் கட்டுப்படியாகும். 1954இல் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, பிறகு விலை இறங்க இறங்க, டோர்ச் பெட்டரி போட்டுக் கேட்கும் செட் லயத்துக்குள்ளும் வந்தது. ஒரு வீட்டில் பாடினால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கும். பெட்டரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்சம் பாடவைப்பார்கள்.

அந்தக் காலத்து அலைகளும் நமக்குத் தோதாக இருந்தன. மத்திய அலை நிலத்தோடு ஒட்டிப் போகும். சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வரும். அதனால் மலை அவ்வளவாகத் தடுக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது தமிழ்நாடே இலங்கை வானொலிக்குத் திரும்பியது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் கடல் தாண்டிப் போனது. ஓட்டுரிமை போன வீடுகளுக்குள்ளும் அதே குரல் வந்தது.

எஃப்.எம். வேறு கதை. ஆர்ம்ஸ்ட்ரோங் 1933இல் காப்புரிமை பெற்ற முறை இது. 1998இல் சூரியனும் சக்தியும் வந்தபோது இரைச்சல் இல்லாத தமிழ் கேட்டோம். ஆனால் இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். மலை மறைத்தால் இரைச்சல். எதிர்மலையில் பட்டுத் திரும்பினால் பாட்டு கரகரக்கும்.

ஆக, இங்கே ட்யூனரின் அழகு முக்கியமில்லை. மெல்லிய சிக்னலையும் பிடிக்குதா, மோனோ சுவிட்ச் இருக்கா, வெளி அன்டனா மாட்ட இடமிருக்கா என்று பாருங்க. சிக்னல் குறைந்த இடத்தில் ஸ்டீரியோவை விட்டு மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் நல்லாவே குறையும். பழைய சாமான் கடையில் வாங்கினால் டயலையும் வாசிங்க. ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த பழைய செட்டுகள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். நமக்கு வேண்டியது 88 முதல் 108. மிச்சக் காசில் ஆளுக்கு 75 சென்ரிமீற்றரில் இரண்டு கம்பி வாங்கி, 'டி' வடிவ அன்டனா கட்டி, முடிந்தவரை உயரத்தில் மாட்டுங்க. ஒரே அலைவரிசை வேறு வேறு எண்களிலும் ஒலிபரப்பாகும். எல்லா எண்ணையும் தேடிப் பார்த்துத் தெளிவானதை வையுங்க.

ட்யூனரை பிளக்கில் சொருகும் முன்னால், வீட்டு அம்மாயியிடம் ஒன்று கேளுங்க: லயத்துக்குக் கரண்ட் எந்த வருஷம் வந்தது? பதிலை எழுதி வையுங்க. மின் நிலையம் வந்த வருஷம் எல்லாருக்கும் தெரியும். இந்த வருஷத்தை நாமதான் எழுதணும்.