வெர்டூவும் விதவைகளும்

1947ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 11ஆந் திகதி நியூயோர்க் நகரில் சார்ளி சப்ளினின் 'மொஸ்யூ வெர்டூ' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சப்ளின் படமென்றால் சிரித்து மகிழலாமென்று வந்தவர்களிற் சிலர் அன்று சீறொலி எழுப்பினர். ஒருபுறம் சிரிப்பொலி, மறுபுறம் சீறொலி. அரங்கினுள் இருந்து அதனைக் கேட்கப் பொறாத சப்ளின் எழுந்து வெளியே சென்றுவிட்டார். உலகெங்கும் கோடிக்கணக்கான மக்களைச் சிரிக்க வைத்த கலைஞனுக்கு அவனுடைய முன்னிலையிலேயே இவ்வாறு நேர்ந்ததன் காரணம் யாது?

சூழ்ச்சிக்காரியான கைம்பெண் கணவனுக்கு நஞ்சிட்டுச் சொத்தைச் சுருட்டும் கதை சினிமாவுக்குப் பழையது. வெர்டூ அதனைத் தலைகீழாக்கிய படம். இங்கே சூழ்ச்சிக்காரன் ஆண். அவனது வலையில் விழுவோர் பணம் படைத்த விதவைகளும் தனித்த பெண்களும். நெடுங்காலம் வங்கியொன்றில் நேர்மையாக எழுத்து வேலை பார்த்த வெர்டூ, 1930ஆம் ஆண்டளவில் உலகப் பொருளாதார நெருக்கடியின்போது வேலையிலிருந்து தள்ளப்படுகிறான். நோயுற்ற மனைவியும் சிறு மகனும் அவனுக்குண்டு. அவர்களைக் காக்கவென்று, ஊருக்கொரு பெயர் பூண்டு பெண்களை மணந்து கொல்வதையே அவன் ஒரு வியாபாரமாக நடத்துகிறான். தோட்டத்து உலையில் ஒருத்தியின் உடல் புகையாகிக்கொண்டிருக்க, காலடியிற் கிடந்த மயிர்க்கொட்டியை மிதித்துவிடாது எடுத்து அப்பால் விடும் கருணையாளன் அவன்!

கதைக்கு மூலம் உண்டு. பிரெஞ்சு நாட்டு ஹென்றி டெசிரே லாண்ட்ரு என்பான் பத்திரிகைகளில் மணமகள் தேவையென்று விளம்பரஞ் செய்து, 1915 முதல் 1919 வரை பத்துப் பெண்களையும் அவர்களுள் ஒருத்தியின் மகனையும் கொன்றானென்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1922 பெப்ரவரி 25ஆந் திகதி வேர்சாய் நகரிலே தலை வெட்டப்பட்டான். இறுதிவரை அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆண்டுகளை நோக்குக. முதலாம் உலகப் போர் பிரான்சிலே ஏறத்தாழ 6 இலட்சம் பெண்களை விதவைகளாக்கிற்று. ஆண்கள் போர்முனையிலே, வீட்டிலே தனிமையும் சிறு சேமிப்பும். லாண்ட்ரு தேடிச் சென்ற பெண்களுட் பெரும்பாலோர் நடுத்தர வயதினர், கோடீசுவரிகளல்லர். தளபாடத்தை விற்ற காசும் சேமிப்புப் புத்தகமுமே அவர்தம் செல்வம். போர் இல்லையேல் லாண்ட்ருவின் தொழில் இவ்வளவு செழித்திராது.

இக்கதையைப் படமாக்கும் எண்ணத்தை முதலிற் கொண்டுவந்தவர் ஓர்சன் வெல்ஸ். 5,000 டொலர் கொடுத்து அவ்வெண்ணத்தை வாங்கிய சப்ளின், கதையைத் தாமே எழுதினார். ஹொலிவூட் தணிக்கையாளர் முதலில் அதனை ஏற்க மறுத்தனர். கொலைகளைவிட, நடைமுறைச் சமுதாய அமைப்பைக் கதை சாடுவதே அவர்களை அதிகம் உறுத்திற்று என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒருவனைக் கொன்றால் குற்றவாளி, பெருந்தொகையினரைக் கொன்றால் வீரன் என்னும் உலக நியாயத்தை வெர்டூ மரணதண்டனையின் நிழலில் நின்று எடுத்துரைக்கிறான். ஹிரோஷிமாவிற் குண்டு விழுந்து இரண்டாண்டுகூட நிறைவுறாத காலத்தில், குண்டு போட்ட நாட்டிலேயே இதைச் சொல்வதென்றால்!

ஆகவே முதற்காட்சியின் சீறொலி படத்திற்கு மாத்திரம் உரியதன்று. சில நாட்களில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்திற் படத்தைப் பற்றிக் கேட்டோர் சிலரே. நீர் கம்யூனிஸ்டா, ஏன் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை என்பவையே கேள்விகள். கத்தோலிக்கப் போர்வீரர் சங்கத்தவரொருவர் விசாரணை அதிகாரி போற் குறுக்குக் கேள்வி கேட்டார். அக்கூட்டத்தில் எழுந்து சப்ளினுக்காகப் பேசியவர் ஜேம்ஸ் ஏஜி என்னும் விமர்சகர். பின்னர் அவரே இப்படத்தைப் பற்றி மூன்று தொடர்க் கட்டுரைகள் எழுதினார். ஒகையோ மாநிலத்துப் படமாளிகை உரிமையாளர் படத்தைப் பகிஷ்கரிக்க அழைப்பு விடுத்தனர். சப்ளின் அமெரிக்காவில் அதனை மீளப்பெற்றுக்கொண்டார். 1952இல் இங்கிலாந்து சென்ற அவர் திரும்பிவரும் அனுமதியும் இரத்துச் செய்யப்பட்டது. அதே படம் ஐரோப்பாவிலே வரவேற்கப்பட்டது. 1964இல் நியூயோர்க்கில் மீண்டும் காட்டியபோது அங்கும் கூட்டம் வந்தது. படத்தில் ஓர் அடிகூட மாறவில்லை.

ஆயினும் அன்று குறை கூறியோர் யாவரையும் பிற்போக்காளரென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. படம் மந்தமாக நகர்கிறது, இறுதியிற் பிரசங்கமாகிவிடுகிறது என்று சொன்னவர்களிடமும் நியாயமுண்டு. நம்மை உறுத்துவது வேறொன்று. வெர்டூ கொல்லும், கொல்ல முயலும் பெண்கள் எத்தகையோர்? ஒருத்தி எரிந்து விழும் சிடுசிடுப்புக்காரி. ஒருத்தி காதல் மொழி கேட்டதும் மயங்கும் முதிய சீமாட்டி. மற்றொருத்தியான அனபெல்லா கூச்சலே உருவானவள். எத்தனை முறை முயன்றும் அவளைக் கொல்ல முடியாமற்போவதும், அவளுக்கென வைத்த நஞ்சு கைமாறிப்போவதும், ஏரியில் அவளைத் தள்ள நினைத்தவன் தானே நீரில் விழுவதும் வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவை. மார்த்தா ரேயின் நடிப்பு சப்ளினையே சில இடங்களில் விழுங்கிவிடுகிறது. நாமுஞ் சிரித்தோம். சிரித்து முடிந்தபின்னரே, தளபாடம் விற்ற காசோடு லாண்ட்ருவை நம்பிப் புறப்பட்ட பெண்களின் நினைவு வந்தது. கதையை 1930களுக்கு நகர்த்தியபோது கலைஞர் வேலையிழந்தவனின் துயரைப் பெற்றுக்கொண்டார். போர் ஆக்கிய விதவைகளையோ பணக்காரிகளாக்கிக் கேலிக்கு விட்டுவிட்டார். போரைச் சாடும் படம், போரின் முதற்பலியாட்களை நோக்கி நகைக்கிறது. இம்முரண்பாட்டை அன்றைய எதிரிகள் காணவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஆதரித்தவர்களும் இதனைப் போதிய அளவு பேசவில்லை.

ஆனாற் சப்ளினுக்கு இது முற்றாகத் தெரியாதிருந்தது எனவும் கொள்ளமுடியாது. சிறையிலிருந்து விடுபட்டு மழையில் நிற்கும் ஓர் இளம்பெண்ணை, புதிய நஞ்சினைப் பரீட்சிக்கவென்றே வெர்டூ தன் இருப்பிடத்துக்கு அழைத்துவருகிறான். அவள் பேசத் தொடங்குகிறாள். அவளுடைய கணவன் போரில் ஊனமுற்றவன். அவள் சிறையிலிருக்கையில் இறந்துவிட்டான். அவனுக்காகக் கொலையுஞ் செய்திருப்பேன் என்கிறாள். தன் நோயாளி மனைவியை நினைத்த வெர்டூ, நஞ்சு கலந்த வைன் கிண்ணத்தை அவள் கையிலிருந்து நயமாக வாங்கி வேறு கிண்ணம் கொடுக்கிறான். படத்திலுள்ள மெய்யான போர்க்கால விதவை அவள் ஒருத்தியே. அவளைக் கண்டு மாத்திரம் யாரும் சிரிப்பதில்லை. ஆண்டுகள் சென்று, மனைவியையும் மகனையும் இழந்து நரைத்துப்போன வெர்டூவின் முன் பெருங் காரொன்று வந்து நிற்கிறது. உள்ளே பட்டும் உரோமமும் அணிந்த அதே பெண். ஆயுத உற்பத்தி முதலாளியொருவனின் துணையாக இப்போது வாழ்கிறாள். அந்தத் தொழிலுக்குத்தான் தான் போயிருக்கவேண்டும் என்று வெர்டூ சொல்லிக்கொள்கிறான்.

நடிகர் பட்டியலில் அனபெல்லாவுக்குப் பெயருண்டு, ஏனைய சீமாட்டிகளுக்கும் பெயருண்டு. இவளை மட்டும் 'அந்தப் பெண்' என்றே குறித்திருக்கிறார்கள்.