ஒரே மாத்திரை, இரண்டு வேகம்

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. அங்கே நடந்த இன்னொரு வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஐசோனியசிட் மாத்திரையைச் செயலிழக்க வைப்பது ஈரலில் உள்ள என்ஏடி2 என்ற நொதி. அதன் வேகம் மரபணுவைப் பொறுத்தது. தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 சதவீதம் பேர் மெதுவான ரகம். அவங்க உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும்; அதனால் கை கால் எரிச்சல், மரத்துப்போதல் வரும் வாய்ப்பு கூடுதல். வேகமான ரகத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனா ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு வாரம் ஒரு தடவை மட்டும் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது, குணமாகாதவர்கள் அவர்களில்தான் அதிகம்.

அப்போ ஒவ்வொருத்தருக்கும் பரிசோதனையா? இத்தனை நோயாளிகள் உள்ள நாட்டில் நடக்கிற காரியமா? சென்னையில் கிடைத்த விடை எளிமையானது. அதையே வாரம் இரண்டு தடவை கொடுத்தால் இரு ரகத்துக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். நரம்புத் தொல்லையைத் தடுக்க, கூடவே கொஞ்சம் வைட்டமின் பி6.

இன்றைக்கும் காசநோய் மருந்தோடு பி6 தருகிறார்கள். உங்க வீட்டில் யாராவது சாப்பிட்டால், "சத்து மாத்திரைதானே" என்று அதை ஒதுக்க விடாதீங்க.