புத்தாண்டு நாளும் நினைவுத்தூணும்

புத்தாண்டு பிறந்தால் வாழ்த்துக் கூறி மகிழ்கிறோம். அந்நாளைச் சமுதாய எழுச்சி நாளாக்கிய தலைவர்களையும் நாம் அறிதல் வேண்டும்.

புனேயை அடுத்த பீமா ஆற்றங்கரைக் கோரேகாவில், 1818 சனவரி 1 அன்று பேஷ்வா படையுடன் கம்பெனிப் படை பொருதது. அங்குள்ள நினைவுத்தூணில் மகர் சமுதாய வீரர் 22 பேரின் பெயர்கள் உள்ளன. பின்னாளில் அதே ஆங்கில அரசு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. 1908இல் 'சோமவம்சீய மித்ரா' இதழைத் தொடங்கிய உள்ளூர்த் தலைவர் சிவராம் ஜான்பா காம்ப்ளே, அத்தூணடியில் மக்களைக் கூட்டி உரிமையுணர்வு ஊட்டினார். 1927 புத்தாண்டு நாளில் அண்ணல் அம்பேத்கரும் அங்கு வந்தார். அவ்வாண்டு மார்ச் 20இல் அண்ணல் தலைமையில் மக்கள் மகாத் குளத்து நீரைப் பருகினர்.

கல்லிலுள்ள முன்னோர் பெயரைப் படிக்கவும் கல்வி வேண்டும். இளைஞர்களே, புத்தாண்டில் நாம் ஏற்கத்தக்க உறுதி அதுவேயாகும்.