பாவாமாரும் ஊர்ச் சோறும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியவர்கள் வணிகர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். றபானைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய் வந்துபோன பக்கீர் பாவாமாரைப் பற்றிய எழுத்து குறைவு. அவர்களுக்குச் சோறு போட்ட வீடுகளைப் பற்றியது அதைவிடக் குறைவு. இக்கட்டுரை அந்தச் சோற்றைப் பற்றியது.

கலீபா ஒருவரின் தலைமையில் சிறு கூட்டமாக வருவார்கள். றபான் அடித்து, பைத் பாடி, உச்சத்தில் ஊசியாலும் கத்தியாலும் தங்கள் உடலைக் குத்தியும் வெட்டியும் காட்டுவார்கள். றிபாயி றாத்தீபு என்பது இதுதான். 1182இல் ஈராக்கில் வபாத்தான அஹ்மத் அல் றிபாயி அவர்களின் பெயரால் அமைந்த தரீக்கா அது. பாவாமாருக்கு அது வணக்கம், அதுவே தொழில். பார்க்க வந்த சிறுவர்களுக்கோ ஊரில் அதைவிடப் பெரிய காட்சி வேறு கிடையாது.

இந்தக் காட்சிக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு பழையது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா ஈராக்கில் உம்மு உபைதாவிலுள்ள றிபாயி அவர்களின் ஸியாரத்துக்குப் போனார். அங்கே கண்டதை ஒழுங்கு தவறாமல் சொல்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் முரசு கொட்டி பக்கீர்கள் ஆடினார்கள். மஃரிப் தொழுததும் அரிசி ரொட்டி, மீன், பால், பேரீச்சம்பழம் என்று சாப்பாடு வந்தது. இஷாவுக்குப் பிறகு திக்ரு. அதன் பின்னர்தான் விறகை மூட்டி நெருப்புக்குள் இறங்கினார்கள். ஆட்டத்துக்கும் நெருப்புக்கும் நடுவே சாப்பாடு இருக்கிறது. அது காட்சி முடிந்த பிறகு கொடுத்த கூலியல்ல. நிகழ்ச்சியின் ஓர் அங்கம்.

நம் நாட்டில் பாவாமாரின் பயணத்தைப் பிறைக் கணக்கு நடத்தியது. றபீஉனில் ஆகிர் மாதத்தில் பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையிலுள்ள ஜெய்லானிக் கந்தூரி. ஜமாதுல் ஆகிர் மாதத்தில், நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் 12 நாள் கொடியேற்றம். றமழானில் றபான் அடித்து ஊரை ஸஹருக்கு எழுப்புவது. இடையிடையே சிறு ஸியாரங்களின் கந்தூரிகள்.

பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. ஆகவே ஒரு கந்தூரி ஏறக்குறைய 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். மட்டக்களப்புப் பக்கத்தில் பெரும்போக அறுவடை முடிந்து, பட்டறையில் நெல் நிறைந்திருக்கும் மாசி, பங்குனியில் பாவாமார் வந்தால் ஒரு மாதிரி. மார்கழி மாரியில், கடலும் பொங்கி, வயலும் பச்சையாக நிற்கும்போது வந்தால் இன்னொரு மாதிரி. ஒரே கலீபா தன் ஆயுளில் இரண்டையும் கண்டிருப்பார். விருந்தோம்பலை ஊரின் குணம் என்று மட்டும் பேசுகிறோம். அது ஊரின் நெற்பட்டறையையும் பொறுத்தது.

எங்கள் ஊரில் அது நடந்த விதத்தை உம்மம்மாவின் வாயால் கேட்டிருக்கிறேன். பாவாமார் பள்ளித் திண்ணையில் படுப்பார்கள். சாப்பாடு வீடுகளிலிருந்து போகும். கிழக்கில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிறவர். எனவே விருந்தாளிக்கு அரிசி அளந்தவள் வீட்டுக்காரி. "பாவாமார் வந்திட்டாங்க புள்ள, இன்னும் ரெண்டு சுண்டு போடு" என்பதுதான் அழைப்பிதழ். வாப்பாமார் சஹனைச் சுமந்துபோய்ப் பாய் விரித்ததோடு சரி. வெற்றிலை வட்டாவும் ஹதியாக் காசும் ஆண்களின் கையால் போனபடியால், உபசரித்தவர்கள் ஆண்கள் என்றே ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

இதில் போட்டியும் இருந்தது. கிழக்கு முஸ்லிம்கள் தாய்வழிக் குடிகளாகப் பிரிந்தவர்கள். குடிக்கொரு மரைக்காயர் பள்ளி நிருவாகத்தில் இருப்பது வழக்கம். "இண்டைக்கு எங்கட குடிச் சோறு" என்று சொல்வதில் ஒரு பெருமை. நேற்றைய குடி கோழி போட்டிருந்தால் இன்றைய குடி இறைச்சி போட்டாக வேண்டும். இல்லாத வீட்டில் கடன்பட்டும் ஆக்கினார்கள் என்று உம்மம்மா சொல்லும்போது அவவின் குரலில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் கசப்பும் இருக்கும்.

இதுவும் நமக்கு மட்டும் உரியதல்ல. இன்றைய துருக்கியிலுள்ள தெனிஸ்லிக்குள் இப்னு பதூதா நுழைந்தபோது கடைத்தெரு ஆட்கள் ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்தார்கள். வேறொரு கூட்டம் வந்து அவர்களோடு சண்டை பிடிக்க, கத்தியும் வெளியே வந்தது. மொழி தெரியாத பயணிகள் கொள்ளைக்காரர் என்று பயந்துவிட்டார்கள். அரபு தெரிந்த ஒருவர் வந்து விளக்கினார்: இவர்கள் அகி என்ற இரு சகோதரச் சங்கத்தார், விருந்தாளி யாருக்கு என்பதுதான் சண்டை. கடைசியில் சீட்டுக் குலுக்கி முறை வைத்தார்கள். குடி முறை வைத்துச் சோறு போட்ட நம்மவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாய்த் தெரிந்திராது.

பாவாமார் வாங்கிக்கொண்டு மட்டும் போகவில்லை. கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து என்று நம் தமிழ் இலக்கிய வகைகளைப் படிக்கத் தெரியாத பெண்களின் காதுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் அடங்குவர். உம்மம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பைத்துகள் தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பாடமாகப் படித்தபோது இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற தலைப்பில் வந்த பெயர்கள் சில, எங்கள் குசினியில் எப்போதோ கேட்ட பெயர்களாக இருந்தன.

இப்போது பாவாமார் வருவது அரிது. யுத்தகாலத்தில் கிழக்கின் தெருக்கள் பயணத்துக்கு உதவவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து கரையோர வீடுகளோடு பழைய படங்களையும் கொப்பிகளையும் கொண்டுபோனது. இவற்றுக்கு மேலாக, றாத்தீபும் கந்தூரியும் மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வி வலுத்தது. "இதையெல்லாம் எழுதித் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறீங்களா சேர்?" என்று உடன் கற்பிக்கும் ஒருவர் கேட்டார். ஆகும், ஆகாது என்பதை உலமாக்கள் பேசட்டும். அது என் துறையல்ல. ஆனால் ஒன்றை விலக்குவதற்கும் அது நடக்கவேயில்லை என்று மறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பாவாவை ஊர் ஞாபகத்திலிருந்து அழித்தால், அந்நியனுக்கு இரண்டு சுண்டு கூடப் போட்ட பெண்ணும் அவரோடு சேர்ந்து அழிந்துபோகிறாள். அவளைப் பற்றி வேறெந்த ஏடும் இல்லை.

எண்பது வயதைத் தாண்டிய மூத்தம்மாமார் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாணவர்களைக் கொப்பியும் கையுமாக அவர்களிடம் அனுப்பலாம். பாவாமார் எந்த மாதம் வந்தார்கள், எங்கே படுத்தார்கள், என்ன பாடினார்கள் என்று கேட்கட்டும். யார் ஆக்கினது, அரிசி எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் கேட்கட்டும்.